சிவப்புத் துண்டு ஒப்பந்தம்

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

மேனாம்பேட்டில் நம் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியை மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுவது என்று, இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு முடிவெடுக்கப்பட்டது. கூட்டத்துக்கு அண்ணன் தலைமை தாங்கினார். நான் முன்மொழிந்தேன், நானே வழிமொழிந்தேன். வேறு உறுப்பினர்கள் இல்லை. தோசை ஆறிப்போகும் அளவுக்கு விவாதம் நீண்டது. கடைசியில் அண்ணன் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் இரண்டு கொக்கிகளை அடித்தார். அதில் ஒன்று கோணல்.

இதை உங்களுக்கு முறைப்படி தெரிவிப்பது என் கடமை. கொடி மேற்கே இருக்க வேண்டும் என்பது நீங்கள் செய்த ஒப்பந்தத்தின் ஷரத்து அல்லவா?

கல்லறைத் திருநாள் இதழுக்காக, மறைந்தவர்களைப் பற்றி எழுதித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டார். உருக்கமாக இருக்கட்டும் என்றும் சொன்னார். நான் துணிக்கொடியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்கே தெரிந்த விஷயங்களைக் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து என் அண்ணன் ஆரோக்கியத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அண்ணனுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முறை வரும்வரை இங்கே இருப்போம் என்று மேனாம்பேட்டுக்கு வந்தோம். முறை இன்னும் வரவில்லை. நீங்கள் அம்பத்தூரில் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தீர்கள். பி.ஏ. பொருளாதாரமும் பி.எட்.டும் படித்துவிட்டு, பொத்தான் துளைக்கு ஓரம் தைப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பிளஸ் டூவில் பொருளாதாரப் பிரிவு தொடங்கப் போகிறோம், எம்.ஏ. முடித்தால் அந்த வேலை உங்களுக்குத்தான் என்று தலைமைச் சகோதரி சொன்னார். தையல் அறையிலிருந்து அந்த வகுப்பறை இரண்டு கதவு தள்ளித்தான் இருந்தது.

அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்தீர்கள். ஞாயிறு வகுப்புகளுக்குப் பட்டணம் போய்வரத் துணை வேண்டும் என்று அண்ணன் என்னையும் சேர்த்துவிட்டார். துணைக்குப் போனதில் நானும் முதுகலைப் பட்டதாரி ஆனேன்.

நான் பாடத்தை மனப்பாடம் செய்தேன், தேறினேன். நீங்கள் கேள்வித்தாளோடு சண்டை போட்டீர்கள். மற்ற தாள்களில் அந்தச் சண்டையில் நீங்கள் ஜெயித்தீர்கள். கடைசி வருடத்தில் புதிதாகச் சேர்த்திருந்த ‘பன்னாட்டுப் பொருளாதாரமும் சுற்றுச்சூழல் கொள்கையும்’ என்ற தாளில் மட்டும் தோற்றீர்கள்.

அந்தப் பாடப் புத்தகத்தில் ஒரு தொழிற்சாலை, அதன் பக்கத்தில் ஒரு சலவைக்கூடம். புகை துணியில் படிகிறது. யாருக்கு என்ன உரிமை என்பது தெளிவாக இருந்து, பேசுவதற்குச் செலவும் இல்லையென்றால், இருவரும் உட்கார்ந்து பேசி இருவருக்கும் நல்ல முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் நிரூபித்திருந்தார். நான் அதை அப்படியே எழுதிவிட்டு வந்தேன். நீங்கள் விடைத்தாளில், எங்கே உட்கார்ந்தார்கள், காபி யார் கொடுத்தார்கள், முதலில் யார் யாரைத் தேடிப் போனார்கள் என்று கேட்டு வைத்திருந்தீர்கள். திருத்தியவர் பதில் எழுதவில்லை. மதிப்பெண்ணும் போடவில்லை.

அடுத்த தடவை, உலக வணிகம் பெருகினால் அழுக்குத் தொழில்கள் ஏழை நாடுகளுக்கு இடம்பெயருமா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தொடங்கி ஒரு பக்கம் கோபமாக எழுதினீர்கள். அதுவும் போயிற்று. ஜூனில் பள்ளி திறக்கும்போது பட்டம் கையில் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தலைமைச் சகோதரி மிகுந்த அன்போடு சொல்லிவிட்டார். அதற்குள் மிச்சமிருந்தது டிசம்பர் தேர்வு ஒன்றுதான்.

நீங்கள் கோபப்பட்டதற்குக் காரணம் வீட்டுக்குக் கிழக்கே இருந்தது. தனபாலின் வார்ப்படப் பட்டறை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிற பெரிய கம்பெனிகளுக்கு பம்பு மூடி, மோட்டார் கால் என்று இரும்பில் வார்த்துக் கொடுப்பார். உலையில் கோக் கரியைப் போட்டு ஊதினால் கரித்தூள் நேராக நம் மாடிக்கு வரும். பூசைக்குப் போகும்போது அண்ணனின் வெள்ளைச் சட்டை, வருடம் முழுக்க சாம்பல் புதன் போல இருக்கும். அண்ணன் மேலிடத்துக்கு மனு எழுதினார். பதில் வராததால், அந்த மனுவைப் பார்வை ஒன்றாகக் குறிப்பிட்டு இன்னொரு மனு எழுதினார். பார்வை ஐந்து வரை போனது.

ஒரு நாள் காலை கரி படிந்த தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: “ஏட்டி ஸ்டெல்லா, வா. புஸ்தகத்துல இருக்கது நெசமா பொய்யான்னு பாத்துட்டு வந்துருவோம்.”

நம்மைக் கண்டதும் தனபால் கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“இன்னா டீச்சரம்மா, ரெண்டு பேரா வந்துகினு கீறீங்க. சாரு இன்னொரு மனு போட்டுட்டாரா?”

“மனு இல்ல. ஒங்களுக்கு என்ன வேணும்னு கேக்க வந்தோம்.”

அந்த மனிதரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. நம்மை இரண்டு மரப்பெட்டிகளின் மேல் உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றபடியே யோசித்தார். டீ வந்தது. பிறகு சொன்னார்:

“தண்ணி டீச்சர். போரு போட்டேன், வாய்ல வைக்க முடியல, அம்மாம் உப்பு. பசங்க கொடத்த தூக்கினு ரோட்டுக்கு அந்தாண்ட போறாங்கோ. உங்க ஊட்டு கெணறு தேனு மாரி கீதுன்றாங்கோ.”

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. உட்கார்ந்தது மரப்பெட்டியில். காபி கிடையாது, டீ. முதலில் போனது நாம்.

டீ தீர்வதற்குள் ஒப்பந்தம் முடிந்தது. நம் கிணற்றிலிருந்து மதிலுக்கு மேலாக ஒரு குழாய் போகும். நாம் மோட்டார் போடும்போதெல்லாம் பட்டறைத் தொட்டியும் நிறையும். பதிலுக்கு, நம் துணி காயும்வரை அவர் உலையை மூட்டக் கூடாது. அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். “நீங்களும் கொடிய அந்தாண்ட நவுத்திக்கோங்க. நாளைக்கி காத்தடிச்சா எங்க மேல பழி போடக்கூடாது.” அதனால்தான் கொடி மேற்கே போனது, பக்கத்து வீட்டுத் தென்னை நிழலில், துணி காய்வதற்கு இருப்பதிலேயே மோசமான இடத்துக்கு.

துணி காய்ந்துவிட்டது என்று பட்டறைக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்தது. பேராசிரியர் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. தையல் டீச்சர் யோசித்தார். வீட்டில் இருப்பதிலேயே தடித்த துணி அண்ணனின் சிவப்புத் துண்டு. அது காய்ந்தால் மற்றதெல்லாம் காய்ந்திருக்கும். கொடியின் தெருப்பக்க முனையில் அதைப் போட்டால் பட்டறை வாசலிலிருந்து தெரியும். துண்டு தொங்கினால் உலை இல்லை. துண்டை எடுத்துவிட்டால் ஊதலாம்.

ஒரு மாதத்தில் தெருவே நம் துண்டைப் பார்த்துத் துவைக்க ஆரம்பித்தது. நம் துண்டோடு போட்டு, நம் துண்டோடு எடுத்தார்கள். ஞாயிறு தெருவின் பெருந்துவையல் நாள், தொழிற்சாலைக் குடும்பங்கள் வாரச் சீருடை முழுவதையும் துவைக்கும். அன்று உலையே கிடையாது என்று தனபால் தானாகவே சேர்த்துக்கொண்டார். இந்த ஏற்பாட்டில் நஷ்டப்பட்டவர் அண்ணன் ஒருவர்தான். குளித்துவிட்டு, துவட்டத் துண்டில்லாமல், கிணற்றடியில் வெயிலுக்காக நின்றிருப்பார்.

தேர்வு ஒரு சனிக்கிழமை வந்தது. விடியற்காலையில் எழுந்து துவைத்துப் போட்டீர்கள், துண்டையும் சேர்த்து. அண்ணன் காலை ஷிப்டோடு ஓவர்டைமும் பார்க்கப் போயிருந்தார், இரவுதான் வருவார். நாம் வீட்டைப் பூட்டிவிட்டு அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினோம். நீங்கள் உள்ளே எழுதிக்கொண்டிருந்தபோது நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஜெபங்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தெரியாதவற்றை இட்டுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வணிகம் செய்யும் இரு நாடுகள் சுற்றுச்சூழல் கேட்டை ஒப்பந்தத்தால் தீர்த்துக்கொள்ள முடியுமா, தக்க எடுத்துக்காட்டுடன் விளக்குக என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரு நாட்டுக்குக் கிழக்கு மேனாம்பேடு என்றும் மற்றதற்கு மேற்கு மேனாம்பேடு என்றும் பெயர் வைத்து, தண்ணீர் ஏற்றுமதி, தூய காற்று இறக்குமதி, துண்டு வழியாகத் தகவல் பரிமாற்றம் என்று கேட்ட கேள்விக்குக் கேட்டதற்கு மேலேயே எழுதிவிட்டு வந்திருந்தீர்கள்.

“ரெண்டு நாட்டுக்கும் லாபம், யாருக்கும் நட்டமில்லைன்னு முடிச்சிருக்கேன்டி,” என்றீர்கள். கொண்டாட வேண்டும் என்று மசால் தோசை சாப்பிட்டோம். ஜன்னலோரம் இடம் கிடைக்க வேண்டும் என்று ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினோம்.

தெருமுனையில் திரும்பியபோது சாயங்காலம் ஆகியிருந்தது. பட்டறையில் புகை இல்லை. வாசலில் வேலையாட்கள் வரிசையாக உட்கார்ந்து நம் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அச்சுகள் எல்லாம் தயாராக இருந்தன. உலையில் கரியும் இரும்பும் அடுக்கி, தீ மட்டும் வைக்காமல் இருந்தது. மாடியில் சிவப்புத் துண்டு அப்பளம் போல விறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

“துண்டு தொங்கினு கீது டீச்சர்,” என்றார் தனபால். குறை சொல்லும் தொனி இல்லை. தகவல்தான்.

“மத்தியானமே காஞ்சிருக்குமே. ஒரு ஆளை மேல ஏத்தி எடுக்கச் சொல்லிருக்கலாம்லா?”

“காஞ்சிச்சா இல்லியான்னு நான் எப்டி சொல்றது? அது உங்க டிபார்ட்மெண்டு. எங்க டிபார்ட்மெண்டு ஊதறது.”

திங்கட்கிழமை காலை கம்பெனிக்கு உருப்படிகள் போய்ச் சேர வேண்டும் என்பதும், போகவில்லையென்றால் அந்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும் என்பதும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது. உருக்கி வார்த்து முடிக்க ஒரு முழுப் பகல் வேண்டும், நடுவில் இருப்பதோ ஞாயிறு மட்டும். ஞாயிறு உலை கிடையாது.

நீங்கள் வீட்டுக்குள் போகவில்லை. கையில் ஹால் டிக்கெட்டோடு தெருவில் நின்றுகொண்டிருந்தீர்கள். “யாருக்கும் நட்டமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன் ஸ்டெல்லா. அது பொய்யாயிரக் கூடாது,” என்றீர்கள். அந்தத் தாளைத் திருத்தப் போகிறவர் மேனாம்பேட்டுக்கு வந்து சரிபார்க்கப் போவதில்லை என்று நான் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தேர்வுக்குக் கட்டிய புடவையோடு வீடு வீடாகப் போனீர்கள். நாளை யாரும் துவைக்க வேண்டாம், கொடியில் ஒரு கைக்குட்டைகூடத் தொங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டீர்கள். ஒரு வீட்டில், தெருவுக்கு பிஷப் வருகிறாரா என்று விசாரித்தார்கள். கோடி வீட்டு மேரி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: “பரிச்ச நீ எழுதுவ, அழுக்குச் சட்ட நாங்க போட்டுக்கணுமா?”

“ஆமாக்கா. ஒரே ஒரு வாரம்,” என்றீர்கள். மேரி அக்காவுக்கு சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஒத்துக்கொண்டதும் தெருவே ஒத்துக்கொண்டது.

மறுநாள் விடிவதற்கு முன்பே உலை மூண்டது. அப்படி ஒரு புகையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தெரு முழுவதும் கொடிகள் வெறுமையாக இருந்தன. ஒரு துணிகூட இல்லை. எல்லாரும் போன வாரத்துச் சட்டையில் பூசைக்குப் போனோம். அன்றைய பிரசங்கம் தூய்மையைப் பற்றி. மேனாம்பேடு பெஞ்சுகளில் இருந்தவர்கள் தலை குனிந்து கேட்டோம். திங்கட்கிழமை காலை உருப்படிகள் லாரியில் ஏறிப் போயின.

முடிவு வந்த நாளில் தபால்காரர் முதலில் பட்டறையில் நின்றுவிட்டார். தனபால் உறையை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். நீங்கள் பிரித்துப் பார்த்து என்னிடம் நீட்டினீர்கள். நான் படித்துச் சொன்னதும் தனபால் தெருவைப் பார்த்துத் திரும்பி, வேலையாட்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: “டேய், நம்ம பட்டற யூனிவர்சிட்டில பாஸாயிடிச்சிடா.”

அந்தத் தாளில் உங்கள் மதிப்பெண் என்னுடையதைவிட அதிகம். அதை நீங்கள் ஒரு நாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் மட்டும்தான் சொன்னீர்கள்.

ஜூனில் இரண்டு கதவு தள்ளி நடந்து போய் வகுப்பெடுத்தீர்கள். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் வரும்போது மாணவிகளைக் கூட்டிவந்து மாடியையும் பட்டறையையும் காட்டுவீர்கள். தனபால் அன்று மட்டும் சட்டையை உள்ளே சொருகிக்கொண்டு நிற்பார். போன ஐப்பசி மழையில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. அதை இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை. நம் தெருவுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாத செய்திக்கு வருகிறேன்.

தனபாலிடம் சரக்கு எடுக்கும் கம்பெனி இப்போது வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறது. வாங்குகிறவர்களின் பிரதிநிதி என்று ஒரு வெள்ளைக்காரர் பட்டறையைப் பார்க்க வந்தார். புகையைக் காட்டி, இதற்கு உங்கள் கொள்கை என்ன என்று கேட்டிருக்கிறார். தனபால் அவரை வெளியே கூட்டிவந்து நம் மாடியைக் காட்டினார். அதற்குமேல் தனக்கு இங்கிலீஷ் வராது என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் துண்டை விளக்கினேன். அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். இதற்கு எழுத்துப்பூர்வமான ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒப்பந்தத்தை எப்போதாவது மீறியிருக்கிறார்களா என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றேன். முதல் பதிலைத்தான் அவர் குறித்துக்கொண்டார்.

எப்படியோ, கம்பெனியே கைகொடுத்து, தனபால் இப்போது மின்சார உலை வைத்திருக்கிறார். கரியும் இல்லை, புகையும் இல்லை. உலக வணிகம் புகையை நம் தெருவுக்குக் கொண்டுவரும் என்று புத்தகத்தில் படித்தோம். நம் தெருவில் அது புகையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நீங்கள் ஜெயித்தீர்களா, புத்தகம் ஜெயித்ததா? இதை உங்களோடு உட்கார்ந்து ஒரு வாரம் சண்டை போட்டிருக்கலாம்.

புது உலையைப் பார்க்கப் போனபோது நான் தனபாலிடம் ஒன்று கேட்டேன். இந்தக் கரண்டு எங்கே தயாராகிறது, அங்கே யார் துணி காயப்போடுகிறார்கள்?

அவர் கரண்டுக் கம்பி வரும் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “பெரிய டீச்சரு கேட்டா மாரியே கீது சின்ன டீச்சர்,” என்றார்.

உங்கள் வகுப்பை இந்த வருடம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அந்தப் பாடம். தொழிற்சாலையும் சலவைக்கூடமும் இருக்கும் பக்கத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய விடமாட்டேன். எங்கே உட்கார்ந்தார்கள், காபி யார் கொடுத்தார்கள், முதலில் யார் போனார்கள் என்று கேட்காமல் அந்தப் பக்கத்தைத் திருப்பமாட்டேன். இது என் வாக்கு. தண்ணீர்க் குழாயும் மதில் மேல் அப்படியே இருக்கும். அண்ணனும் அதற்குச் சம்மதித்திருக்கிறார்.

நேற்றுத்தான் கிழக்குக் கொடியில் முதன்முதலாகத் துணி போட்டேன். வெயில் நன்றாக விழுகிறது. பழக்கத்தில் அண்ணனின் சிவப்புத் துண்டையும் கொடியின் தெருப்பக்க முனையில் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன். மாலையில் வந்துதான் எடுத்தேன். தனபால் நேற்று உலையைப் போடவில்லை.

உங்கள் நாத்தனார்,
ஸ்டெல்லா